தூங்கி எழுந்த கணினிக்கு எண்பத்தொரு டிகிரி

“...தன்ர வாயாலயே தொண்ணூற்றாறு எண்டு சொல்லுது தங்கச்சி, இதுக்கு மேல என்ன விசாரணை? கள்ளனே வந்து ‘நான்தான் எடுத்தனான்’ எண்ட பிறகு ஆரும் சாட்சி தேடுவினமோ?”

இப்படிக் கேட்டவர் நடராசா அண்ணை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அச்சகங்கள் அடுத்தடுத்து இருக்கும் ஒரு சின்னத் தெருவில் அவருடையதும் ஒன்று. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், செத்தவீட்டு அந்தியேட்டிக்குக் கொடுக்கும் நினைவு மலர் என்று அந்தப் பக்கத்து வீடுகளில் அவர் கைபடாத நல்லது கெட்டது குறைவு. அவர் நீட்டிய விரலுக்கு நேரே, கணினித் திரையின் மூலையில், 96 என்ற எண் சிவப்பாக நின்றது. புரொசசர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்வதாக அவர் நம்பிய எண். அதை நம்பித்தான், தன்னிடம் பல வருடமாக வடிவமைப்பு வேலை செய்த சுகந்தியை அவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

அந்த எண் மெய்யா பொய்யா என்று பார்க்க வந்தவள் நான்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த கணினி திருத்தும் கடையில் அப்போது வேலை செய்தேன், இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். எனக்கு ஓய்வு வந்தாலும் என் தொலைபேசிக்கு வரவில்லை. இப்போது கடையில் இருப்பவர்கள் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு படம் அனுப்புவார்கள். “மிஸ், இதைப் பாருங்கோ, தொண்ணூறு காட்டுது, மதர்போர்டை மாத்தட்டோ?” முன்பெல்லாம் கணினிக்குள் ஓர் எண்தான் இருந்தது. இப்போது புரொசசரின் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண், போர்டுக்கு நாலு எண், வன்தட்டுக்கு ஓர் எண் என்று சந்தை இரைச்சல் மாதிரி இருக்கிறது. எண் கூடக் கூட மனிதர் கேள்வி கேட்பது குறைந்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்து வந்தவள் அல்ல. பில் எழுதுவதற்குத்தான் என்னை அந்தக் கடையில் எடுத்தார்கள். பில் எழுதும் மேசைக்குப் பின்னால் திருத்தும் மேசை. கண் இருக்கிறவளுக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஒரு நாள் ஒருவர் விடுமுறையில் நின்றார், நான் ஒரு மின்வழங்கியை மாற்றினேன். அதற்குப் பிறகு பில் எழுத வேறு ஆளைத்தான் தேடினார்கள். வாடிக்கையாளர் சிலர், “ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ மிஸ்?” என்பார்கள். “இருக்கினம், தேத்தண்ணி குடிக்கப் போட்டினம். வரும்வரைக்கும் நான் திருத்தி வைக்கிறன்” என்பேன்.

எங்கள் பட்டறைக்குத் தலைவர் பாறூக் நானா; முஸ்லிம் வீடுகளில் அண்ணனை நானா என்பார்கள். மருதானைக்காரர். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன வெப்பமானி. பேனா வைக்கிற இடத்தில் கண்ணாடிக் குழாய்! எவ்வளவு அவசரமான ஆள் வந்தாலும் அவர் கணினியை உடனே தொடமாட்டார். முதலில் அந்த வெப்பமானியை எடுத்து மேசையில் வைப்பார். வந்தவரை இருத்தி, ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கதைப்பார். கதை முடியும்போது குழாயைப் பார்ப்பார்.

“மல்லிகா, பெட்டியத் திறக்க முன்னால அறையப் பாருங்க” என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். “அறை முப்பது ஈக்கிது எண்டா, காத்தால ஆறுற பெட்டி முப்பதுக்குக் கீழ போகவே ஏலாது. போனா அது பொய். எங்கட வாப்பா சொல்லுவாரு, மழையில நனையாம வந்தவன் ஒண்டு குடைக்காரன், இல்லாட்டிப் பொய்க்காரன்.”

அவருடைய முறை மூன்று படி கொண்டது. ஆறிக் கிடந்த கணினியைப் போட்டவுடன் வரும் முதல் எண் அறையின் சூட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். வேலை கொடுத்தால் அது ஏற வேண்டும். வேலையை நிறுத்தினால் இறங்க வேண்டும். “ஏறாத சூடும் சூடில்ல, இறங்காத சூடும் சூடில்ல” என்பார். இதெல்லாம் முடிந்த பிறகு, புரொசசர்மேல் இருக்கும் அலுமினியத் தகட்டில் புறங்கையை வைப்பார். உள்ளங்கை அல்ல. தாய்மார் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போலப் புறங்கை.

அந்த முதல் படி எவ்வளவு பெறுமதியானது என்பதைப் பேலியகொடை மீன் சந்தை முதலாளி ஒருவர் எனக்குக் காட்டித்தந்தார். சிங்களவர், நல்ல பகிடிக்காரர். அவருடைய அலுவலகக் கணினி மதியமானால் தன்பாட்டில் நின்றுவிடும். ஆனால் திரையில் இருபத்திரண்டு டிகிரி. அதில் அவருக்குப் பெருமை வேறு. “ஹரிம கூல், மிஸ்!”, சரியான குளிர் என்று சிரித்தார். பாறூக் நானா குழாயைக் காட்டி, இந்த அறை முப்பத்தொன்று, உங்கள் பெட்டி மட்டும் எப்படி இருபத்திரண்டு என்று சிங்களத்தில் கேட்டார். முதலாளி கொஞ்சம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டி, “ஐஸ் இல்லாமல் குளிர்ந்திருக்கிற மீனை எவனாவது விற்றால் நான் வாங்கவே மாட்டேனே!” என்றார். மீன்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. விசிறியைத் திறந்தால் அழுக்கு அடை போல அப்பியிருந்தது.

எண் ஏன் பொய் சொன்னது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் முதலாளியுடையது போன்ற புரொசசர் தன் சூட்டை நேராகச் சொல்வதில்லை. தன் எல்லைக்கு இன்னும் எவ்வளவு மிச்சம் என்றுதான் சொல்லும். காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர், “கடைசித் தரிப்புக்கு இன்னும் நாலு தரிப்பு” என்கிறார் என்று வையுங்கள். கடைசித் தரிப்பு மொறட்டுவையா பாணந்துறையா என்று தெரியாவிட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? திரையில் எண் காட்டும் மென்பொருள் எல்லையைத் தானே ஊகித்துக் கழிக்கிறது. ஊகம் பிழைத்தால் விடையும் பிழை. இன்னொன்றும் உண்டு. அந்த உணரிகள் எல்லைக்குக் கிட்டத்தான் திருத்தமாகப் பேசும். ஆறிக் கிடக்கும்போது அவற்றின் பேச்சு அரை நித்திரைப் பேச்சு. ஆகவே எண்ணை நம்பாதே என்று நான் சொல்லவில்லை. எந்த உணரி, எதை அளந்து, எந்த வழியாகச் சொல்கிறது என்று கேட்டுவிட்டு நம்பு என்கிறேன்.

இனி நடராசா அண்ணையின் கணினிக்கு வருகிறேன். என் வேலைக்காலத்தில் என்னை மிகவும் சுற்ற வைத்தது அதுதான்.

அது எங்கள் கடைக்கு இரண்டு தடவை வந்தது. காலையில் சூடு ஏறி ஏறி நின்றுவிடுகிறது என்று முறைப்பாடு. எங்கள் மேசையில் அது சொன்ன சொல் கேட்கும் பிள்ளையாக இருந்தது. வேலை கொடுத்தால் ஏறியது, நிறுத்தினால் இறங்கியது. தூசு தட்டி, புரொசசர்மேல் சூட்டைக் கடத்தும் புதிய பசை வைத்து அனுப்பினோம். கொட்டாஞ்சேனைக்குப் போனால் பழையபடி. இரண்டாம் தடவையும் அதே கதை.

அண்ணைக்கு அதற்குள் காரணம் கிடைத்துவிட்டது. சுகந்தி அண்மையில் ஒரு பெரிய வடிவமைப்பு மென்பொருளைப் போட்டிருந்தாள். காலையில் அவள் வந்து உட்கார்ந்தால் சூடு ஏறுகிறது. பின்னேரம் அவள் போன பிறகு அண்ணை போட்டால் நல்லபடி ஓடுகிறது. இதைவிட என்ன வேண்டும்? “மெஷினைச் சுட்டுப்போட்டாய், இனி வர வேண்டாம்” என்று அனுப்பிவிட்டார். அனுப்பியதோடு நிற்கவில்லை. தெருவிலுள்ள மற்ற அச்சகங்களிலும் வாய் ஓயாமல் சொல்லிவிட்டார்.

சுகந்தி மட்டக்குளியிலிருந்து பஸ் மாறி மாறி எங்கள் கடைக்கு வந்தாள். தோளில் பை, முகத்தில் கோபம். அழவில்லை.

“மிஸ், நான் எரிச்சனானோ இல்லையோ, அதை மட்டும் சொல்லுங்கோ. வேற அச்சகத்தில வேலை கேட்டுப் போனா, ‘நீதானே மெஷின் சுடுற பிள்ளை’ எண்டு சிரிக்கினம். தீப்பெட்டி எண்டு பேர் வைச்சிட்டாங்கள். எனக்குத் தெரிஞ்ச தொழில் இது ஒண்டுதான். அந்தத் தெருவை விட்டா நான் எங்க போறது?”

“எரிக்கிறதெண்டா மென்பொருளால எரியாது பிள்ளை” என்றேன். ஆனால் தெருவுக்கு அது போதாது. தெருவுக்கு அத்தாட்சி வேண்டும்.

பாறூக் நானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “அந்தப் பெட்டிய திரும்ப இங்க கொண்டர வேணாம்” என்றார். “வீட்டுல வார காய்ச்சல் ஆசுபத்திரியில காட்டாட்டி, வைத்தியர்தான் வீட்டுக்குப் போகணும். மல்லிகா, நீங்க போங்க.” சட்டைப் பையிலிருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து என்னிடம் தந்தார். அதை அவர் வேறு யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அப்படிப் போய் நின்ற காலையில்தான் கள்ளனும் சாட்சியும் என்ற அந்தப் பேச்சு.

“அண்ணை, சுகந்திதான் இப்ப இல்லையே. பிறகேன் தொண்ணூற்றாறு?” என்று கேட்டேன்.

மனிதருக்குப் பதில் தயாராக இருந்தது. “அடிப்பிடிச்ச பானை கழுவின பிறகும் மணக்கும் தங்கச்சி.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சொல்வது பிழையாக இருந்தாலும் அழகாகச் சொல்கிறவரோடு எனக்குக் கோபிக்கத் தெரியாது. பெட்டியின் பக்கத் தகரத்தைக் கழற்றி, தகட்டில் புறங்கையை வைத்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். தொண்ணூற்றாறு டிகிரியில் கை வைத்தால் கையை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓட வேண்டும். புரொசசருக்குள் இருக்கும் உணரியை வேறு மென்பொருளால் கேட்டேன். நாற்பத்து நாலு. சிவப்பில் நின்ற எண் போர்டில் இருக்கும் இன்னோர் உணரியுடையது. அந்தக் கணினியை நிறுத்துவதும் அதுதான். இரண்டு சாட்சி ஒரு பக்கம், ஒரு சாட்சி மறுபக்கம்.

“அண்ணையும் கை வைச்சுப் பாருங்கோ.”

“நான் ஏன் கை வைக்க? எழுத்தில நிக்குது. நான் அச்சடிக்கிறவன், எழுத்தை நம்பாட்டி ஆர் நம்புறது?”

அந்த ஆளோடு வாதாடிப் பயனில்லை. பார்க்க வைக்க வேண்டும். “இதை நிப்பாட்டுறன். நாளைக்குக் காலமை நான் வரும்வரைக்கும் ஒருத்தரும் போட வேண்டாம். சுகந்தியும் வரட்டும்” என்றேன்.

“அவள் ஏன்?”

“குற்றவாளி இல்லாமல் விசாரணையோ அண்ணை?”

அது அவருக்குப் பிடித்துவிட்டது. சம்மதித்தார்.

மறுநாள் நான் போனபோது அச்சகத்தின் தரை ஈரமாக இருந்தது. தினமும் காலையில் கடை திறந்ததும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவி, சாம்பிராணி காட்டுவது அங்கே வழக்கம். கணினி மேசைக்குக் கீழே, அந்தத் தரைக்கு ஒரு சாண் மேலே, பலகைத் தட்டில் இருந்தது. அண்ணை சாரமும் பெனியனுமாக, நெற்றி நிறையத் திருநீறோடு வரவேற்றார். சுகந்தி வாசலுக்குப் பக்கத்தில் நின்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

“வாருங்கோ தீப்பெட்டி அம்மா” என்றார் அண்ணை.

“நான் தீப்பெட்டி எண்டா முதல்ல உங்கட நாக்கைத்தான் கொளுத்தியிருப்பன் அண்ணை” என்றாள் அவள்.

குழாயை மேசையில் வைத்தேன். இருபத்தொன்பது. பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும் நிலையில் அங்கே ஒருவரும் இல்லை. பிறகு அண்ணையிடம், “நீங்களே போடுங்கோ. போட்டதும் இந்த விசையை அமத்துங்கோ” என்றேன். அது விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே அமைப்புத் திரையைக் காட்டும் விசை. எந்த மென்பொருளும் அதற்குள் ஓடத் தொடங்காது. சுகந்தியின் பெரிய மென்பொருள் அப்போது வன்தட்டுக்குள் நித்திரை.

அவர் போட்டார். நீலத் திரை வந்தது. எண் வந்தது.

எண்பத்தொன்று.

“அண்ணை, இது எப்ப நிப்பாட்டின பெட்டி?”

“நேற்று நீ நிப்பாட்டினதுதான்.”

“இரவு முழுக்கத் தூங்கினதுதானே. தூங்கி எழும்பின உடனே எண்பத்தொரு டிகிரியோ? இந்த அறையே இருபத்தொன்பது. ஒரு வேலையும் செய்யாமல், ஒருத்தரும் தொடாமல், இதுக்கு எங்கயிருந்து சூடு வந்தது?”

நடராசா அண்ணை திரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நேற்று கையை வைக்க மறுத்த மனிதர் குனிந்து, திறந்திருந்த பெட்டிக்குள் கையை விட்டுத் தகட்டைத் தொட்டார். கையை எடுக்கவில்லை.

“பச்சைத் தண்ணி மாதிரி இருக்கே” என்றார் மெல்ல.

சுகந்தி ஓர் அடி உள்ளே வைத்தாள்.

இப்போது எனக்குத் தெரிய வேண்டியது, போர்டு உணரி ஏன் பிதற்றுகிறது என்பது. கணினியை நிறுத்தி, வயரைக் கழற்றி, பெட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்தேன். புரொசசருக்குப் பக்கத்தில், மிளகளவு தலையும் இரண்டு மெல்லிய காலுமாக நிற்கும் அந்த உணரி. அதன் இரண்டு கால்களையும் சேர்த்து மூடியபடி, காய்ந்து வெடித்த ஒரு சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம்.

அது எனக்குப் புதிய காட்சி அல்ல. சரஸ்வதி பூசை முடிந்து வரும் கணினிகளில் பாதிக்குப் பொட்டு இருக்கும். எங்கள் பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. தூசு தட்டுவோம், துடைப்போம், பொட்டை மட்டும் தொடமாட்டோம். அந்த நடைமுறையைப் போட்டவர் பாறூக் நானாதான். “அது அவங்கட நம்பிக்கை, நாம அழிக்கக் கூடாது” என்பார். இந்தப் பெட்டியையும் இரண்டு தடவையும் மரியாதையாக, பொட்டைச் சுற்றித் துடைத்தே அனுப்பியிருக்கிறோம்.

அந்த உணரி சூட்டை அளப்பது தன் வழியே மின்சாரம் எவ்வளவு இலகுவாகப் போகிறது என்பதை வைத்து. சூடு கூடினால் இலகுவாகப் போகும். அதன் இரண்டு காலுக்கும் நடுவே ஈரமான சந்தனமும் குங்குமமும் இருந்தால் மின்சாரத்துக்கு ஒரு குறுக்குப் பாதை. உணரி அதையும் சூடென்று கணக்கு வைக்கும். காலையில் தரை கழுவிய ஈரத்தைப் பொட்டு உறிஞ்சியது, எண் ஏறியது. மதியத்துக்குமேல் காய்ந்தது, எண் இறங்கியது. எங்கள் பட்டறையின் குளிரூட்டிக் காற்றில் பொட்டு எப்போதும் காய்ந்தே கிடந்தது. சுகந்தி வந்ததும் தரை ஈரமானதும் ஒரே நேரம். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

“இதை ஆர் வைச்சது?” என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. அண்ணையின் முகம் சொல்லிவிட்டது.

“போன பூசைக்கு, வெளித் தகரத்துக்கு வைச்சு என்ன பலன் எண்டு நினைச்சன்” என்றார். “எங்கட அப்பர் பழைய மிதி அச்சு மெஷினுக்கும் வெளியில வைக்கமாட்டார். சக்கரத்தின்ர அச்சில வைப்பார், உயிர் இருக்கிற இடம் எண்டு. இதில உயிர் விசிறிக்குக் கீழ இருக்குது எண்டு இவள்தான் ஒருக்கா சொன்னவள். விசிறியில வைக்க ஏலாது. அதுக்குப் பக்கத்தில வைச்சன்.”

“நல்ல இடம் பாத்துத்தான் வைச்சிருக்கிறியள்” என்றேன். “அண்ணை, இதை நான் தொடமாட்டன். நீங்களே எடுங்கோ.”

ஸ்பிரிட் தொட்ட துணியைக் கொடுத்தேன். கும்பிட்டுவிட்டு, விக்கிரகத்தைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைத்தார். காயவிட்டு, வயரைக் கொழுவி, திரும்பவும் அவரையே போடச் சொன்னேன். முப்பத்து நாலு. கீழே தரை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. சுகந்தியின் மென்பொருளைத் திறந்து, அவள் முடிக்காமல் விட்டுப்போன கலியாண அட்டையை ஓடவிட்டேன். ஏறியது, ஐம்பதைக் கடந்தது. நிறுத்தினேன், இறங்கியது. உண்மையான சூடு.

பிறகு அண்ணை கதிரையை இழுத்துக் கணினிக்கு முன்னால் வைத்து, துணியால் ஒரு தட்டுத் தட்டினார்.

“இரு பிள்ளை. மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு தரம் போன் எடுத்திட்டினம். வேலையைப் பார்.”

சுகந்தி அசையவில்லை. “என்னை வீட்டை போகச் சொன்னது இந்தக் கடைக்குள்ள அண்ணை. ஆனா தீப்பெட்டி எண்டு சொன்னது தெரு முழுக்க. நான் இங்க இருந்து வேலை செய்தாலும், தேத்தண்ணிக்கு வெளிய போனா அவங்கள் அப்பிடித்தான் கூப்பிடுவாங்கள்.”

“அதுக்கு நான் என்ன செய்யிறது? போன சொல்லைத் திரும்பப் பிடிக்கலாமோ?”

“அது உங்கட பாடு.”

அண்ணை என்னைப் பார்த்தார். நான் குழாயைத் துடைத்து உறைக்குள் போடுவதில் மும்முரமாக இருந்தேன். அந்தக் கேள்விக்கு வெப்பமானி உதவாது.

அவர் ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பெனியனுக்கு மேலே போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். சாரத்தை அவிழ்த்துத் திரும்ப இறுக்கிக் கட்டினார். கலியாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தது. படியிறங்கி, பக்கத்து அச்சகத்துக்குள் போனார்.

நாங்கள் இருவரும் வாசலுக்கு வந்தோம். உள்ளே மெஷின் ஓடும் சத்தம் நின்றது. அவருடைய குரல் மட்டும் கேட்டது, வழக்கத்தைவிட உரத்து: “அந்தப் பிள்ளை ஒண்டும் சுடேல்லை. நான் உள்ளுக்குப் போய்ச் சந்தனம் வைச்சனான், அதுதான் பிழை. ஓம், சந்தனம். ஓமடா, கணினிக்குள்ளதான்!” பிறகு கூரை பறக்கிற மாதிரிச் சிரிப்பு. யாரோ, “அண்ணை, அதுக்குக் காதும் குத்தினீங்களோ?” என்று கேட்டது தெருவுக்கே கேட்டது.

அவர் வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. எங்கள் பக்கம் திரும்பவில்லை. பின்னாலிருந்து சிரிப்பு இன்னும் வந்துகொண்டிருக்க, தெருவோரச் சாக்கடைக் கானைத் தாண்டி, அடுத்த அச்சகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.